ஒரு மூச்சின் அளவு: ஹவாய்க் கடலும் ஈட்டி மீன்பிடிப்பும்



சென்ற மாதம் மத்ரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஃபிக்ஹ் பாடத்தில் வேட்டை பற்றிய பகுதியை நடத்திக்கொண்டிருந்தோம். வேட்டை நாய், அம்பு, ஈட்டி என்று பாடம் சென்றுகொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்தார். “ஹஜ்ரத், ஹவாய்த் தீவில் ஒருவர் காற்றுத் தொட்டி எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்கி ஈட்டியால் மீன் குத்துகிறார். காணொளியில் பார்த்தேன். அந்த மீன் ஹலாலா?” என்று கேட்டார். அவர் அமர்வதற்குள் இன்னொருவர், “பசிக்காகக் குத்தினால் சரி ஹஜ்ரத். அவர் விளையாட்டுக்காகக் குத்துவதுபோல் அல்லவா இருக்கிறது?” என்றார்.

முதற் கேள்விக்கு வகுப்பிலேயே விடை கூறிவிட்டோம். இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதில் முடிவதாக இல்லை. “படித்துவிட்டுச் சொல்கிறோம்” என்று தவணை கேட்டோம். ஹவாய்க் கடலைப் பற்றியும், அங்கு மூச்சடக்கி மூழ்கி மீன் குத்துவோரைப் பற்றியும், அதன் பொருட்டு அங்கு இயற்றப்பட்ட சட்டங்களைப் பற்றியும் சில வாரங்கள் தேடிப் படித்தோம். அதன் முடிவில் நமக்குத் தோன்றிய கருத்து இதுதான்: இவ்வேட்டையில் மனிதனுக்கு இறைவன் இட்டிருக்கும் எல்லை அவனுடைய மூச்சு. அந்த எல்லைக்குள் நிற்கும்வரை இது நேர்மையான வேட்டை. அதை ஏமாற்ற முற்படும் இடத்தில் கடலும் பாழாகிறது, மனிதனும் மடிகிறான்.

சட்டம் ஒரு வரி, பொறுப்பு பல வரி

கடல் மீனுக்கு அறுப்புத் தேவையில்லை. வலையில் வந்தாலும், தூண்டிலில் வந்தாலும், ஈட்டியில் வந்தாலும் அது ஹலால். இஹ்ராம் அணிந்தவருக்குத் தரை வேட்டை தடுக்கப்பட்டிருக்க, கடல் வேட்டை அப்போதும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. கடலின் வாசல் அந்த அளவுக்கு நமக்கு அகலமாகத் திறந்து விடப்பட்டுள்ளது. மத்ஹபுகளுக்கிடையே சில வேறுபாடுகள் உண்டு. ஹவாய்க்காரர்கள் விரும்பிக் குத்தும் பேய்க்கணவாய் ஷாஃபிஈ மத்ஹபில் ஆகும். மீனை மட்டும் ஏற்கும் ஹனஃபீ மத்ஹபில் ஆகாது. அத்துடன் சட்டப் பகுதி முடிந்துவிடுகிறது.

ஆனால் ஹலால் என்ற சொல் “எவ்வளவு வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும்” என்று பொருள்படாது. உயிருள்ளதை வெறும் இலக்காக வைத்து எய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. உண்பதற்காகக் கொல்லும்போதும் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் ஒழுக்கம். ஆகவே மாணவரின் இரண்டாவது கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல, அந்தக் கடலுக்கே சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கடலும் அந்த முறையும்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, அமெரிக்கப் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை ஹவாய்த் தீவுகள். எந்தக் கரைக்கும் அருகில் இல்லாத தனிமையினால், அங்குள்ள பவளப்பாறை மீன்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உலகில் வேறெங்கும் காணப்படாத இனங்களாகும். அங்கு ஓர் இனம் அருகிவிட்டால் அக்கம்பக்கத்துக் கடலிலிருந்து வந்து நிரப்ப யாருமில்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டே மற்றவற்றைப் படிக்க வேண்டும்.

அங்கு மீன் குத்துவோர் பயன்படுத்தும் கருவி பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அடியில் ரப்பர் வளையம் மாட்டிய நீண்ட கோல் ஈட்டி. மூன்று முனை கொண்ட ஈட்டியையே சிறுவர்கள் முதலில் கையில் எடுக்கிறார்கள். மற்றொன்று, விசையை இழுத்தால் பாயும் ஈட்டித் துப்பாக்கி. முகக் கண்ணாடி, நீண்ட துடுப்புக் காலணி, இடுப்பில் ஈயக் கட்டி, மேலே ஒரு மிதவை, படகுகளை எச்சரிக்க மூழ்குவோருக்கான கொடி. இவ்வளவுதான். நீரின் மேற்பரப்பில் குப்புற மிதந்து, மூச்சை நிதானமாக்கி, ஒரு முழு மூச்சை உள்ளிழுத்துத் தலைகீழாக இறங்குகிறார்கள். பாறையின் மறைவில் அசையாமல் காத்திருக்கிறார்கள். மீன் தானாக அருகே வந்தால் ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. வராவிட்டால் வெறுங்கையுடன் மேலே வர வேண்டியதுதான்.

மீன்பிடிக்கப் புறப்படும் ஹவாய்க்காரர் “மீன் பிடிக்கப் போகிறேன்” என்று சொல்வதில்லை. “ஹொலொஹொலொ” என்பார், சும்மா உலாவிவிட்டு வருகிறேன் என்பது பொருள். மீனுக்குக் காது கேட்டுவிடும் என்பது பழைய நம்பிக்கை. நம்பிக்கை எப்படியோ, கடலுக்குப் போகுமுன் பெருமை பேசாத அந்தப் பழக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது. கிடைப்பது ரிஸ்க், அது நம் கையில் இல்லை என்பதை அறிந்தவனின் நாவடக்கம் அது.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கி மூழ்கியவர்களின் வழிவந்தோர் நம்மில் உண்டு. ஆதலால் ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடியில் பிழைப்புத் தேடுவது என்னவென்று நம் வாசகர்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

கண்ணால் பார்த்துக் குத்துபவன்

வலை வீசுபவனுக்கு எது சிக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. தூண்டில் போடுபவனுக்கும் தெரியாது. ஈட்டிக்காரனோ மீனின் இனம், பருமன், நிறம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகே விசையை இழுக்கிறான். வேண்டாத மீன் அவன் கையால் சாவதில்லை. அறுந்த வலை பாறையில் தங்குவதில்லை. இது இம்முறையின் பெருஞ்சிறப்பு. அதே காரணத்தால், “தெரியாமல் பிடித்துவிட்டேன்” என்ற சாக்கு அவனுக்கு இல்லை. பார்த்துக் கொன்றவனிடம் கேள்வி கடுமையாகவே இருக்கும்.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, அங்கு “உஹு” எனப்படும் கிளிமீன். கிளியின் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியை உண்ணும் மீன் இது. சுரண்டும்போது உள்ளே போகும் சுண்ணாம்பு, அரைபட்டு வெண்மணலாக வெளியேறுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலை உண்டாக்க வல்லது. சுற்றுலாப் பயணிகள் கால் பதிக்கும் வெண்மணலில் ஒரு பங்கு இம்மீனின் வயிற்றிலிருந்து வந்ததாகும். அதைவிட முக்கியமானது, அது பாசியைத் தின்று பாறையைச் சுத்தமாக்குவதால்தான் இளம் பவளங்கள் ஒட்டி வளர இடம் கிடைக்கிறது. கிளிமீன் போய்விட்டால் பாசி பாறையை மூடிவிடும்.

இம்மீனின் வாழ்வில் இன்னொரு விந்தை உண்டு. பெரும்பாலானவை மங்கிய நிறப் பெண்ணாகவே வாழ்வைத் தொடங்கி, வளர்ந்தபின் அவற்றுள் சில ஆணாக மாறி, பளிச்சென்ற நீலப்பச்சை நிறம் பெறுகின்றன. ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அந்தப் பெரிய நீல ஆணே ஈட்டிக்காரனின் கண்ணை முதலில் இழுக்கிறது. படம் எடுத்துப் போடவும் அதுவே அழகு. அதைக் குத்திவிட்டால் கூட்டத்தின் பெரிய பெண்களுள் ஒன்று ஆணாக மாற வேண்டியதாகிறது. அதிக முட்டையிடக்கூடிய தாய் ஒன்று அவ்வகையில் குறைகிறது. ஓர் ஈட்டி வீச்சில் இரண்டு இழப்பு.

மௌவி தீவில் 2014ஆம் ஆண்டு ஒரு விதி வந்தது. ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு கிளிமீனுக்கு மேல் எடுக்கக் கூடாது. பெரிய இனங்கள் இரண்டின் நீல ஆண்களை எடுக்கவே கூடாது. அந்த இரண்டு இனங்களுள் ஒன்றான உஹு உலிஉலி ஹவாய்க்கே உரியது. 2024இல் பாசி மேயும் மீன்களுக்கான கட்டுப்பாடுகள் மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டன. “இரண்டு மீன் ஒரு குடும்பத்துக்குப் போதுமா?” என்று முணுமுணுத்தோரும் உண்டு. இரண்டு பெரிய கிளிமீன் ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சட்டிக்குப் போதும் என்றே நாம் கருதுகிறோம். போதாதது சட்டிக்கா, ஆசைக்கா என்பதை அவரவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொட்டியும் விளக்கும்

மூச்சடக்கி இறங்குபவனுக்குக் கடலடியில் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் மீன் தப்பிவிட்டால் தப்பியதுதான். ஆழத்தில் இருக்கும் பெரிய தாய்மீன்களை அவனால் எளிதில் எட்ட முடியாது. அந்த ஆழமே மீன்களுக்குப் புகலிடமாக இருந்து வந்தது. யாரும் சட்டம் எழுதாமலேயே மனிதனின் நுரையீரல் அவற்றைக் காத்து வந்தது எனலாம்.

ஸ்கூபா காற்றுத் தொட்டி வந்தபின் அந்தப் புகலிடம் உடைந்தது. முதுகில் தொட்டியுடன் இறங்குபவன் ஆழத்தில் நீண்ட நேரம் நின்று ஒன்றன்பின் ஒன்றாகக் குத்தலாம். இரவு விளக்கும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கிளிமீன்கள் இரவில் பாறை இடுக்குகளில் உறங்குபவை. சில இனங்கள் தம் வாயிலிருந்து சுரக்கும் மெல்லிய கூட்டுக்குள் தம்மை மூடிக்கொண்டு உறங்குகின்றன. உறங்கும் மீன்மீது விளக்கடித்துக் குத்துவதற்குத் திறமை வேண்டியதில்லை, காத்திருப்பு வேண்டியதில்லை. அதை வேட்டை என்று அழைப்பதற்கே நமக்கு மனம் வரவில்லை.

ஹவாய்ப் பெருந்தீவின் மேற்குக் கரையில் ஸ்கூபாவுடன் ஈட்டி பயன்படுத்துவது 2013இல் தடை செய்யப்பட்டது. மூச்சடக்கிக் குத்துவதற்கு அத்தடை இல்லை. இந்த வேறுபாட்டை நாம் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். ஈட்டி இரண்டு பேரின் கையிலும் ஒன்றுதான். மூச்சு என்ற அளவை ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். மற்றவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிறார். மற்ற தீவுகளின் கரைகளும் இதே வழிக்கு வர வேண்டும் என்பதே நம் கருத்து.

எல்லையை உடலுக்குள் மீறுபவன்

மூச்சின் அளவை மீற இன்னொரு வழியும் உண்டு. அது மீனைவிட மனிதனையே அதிகம் கொல்கிறது. இளைஞர்கள் உள்ள வீடுகளில் இப்பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மூச்சை அடக்கும்போது “போதும், மூச்சு விடு” என்று உடல் தவிக்கிறதே, அந்தத் தவிப்பு ஆக்சிஜன் குறைந்ததால் வருவதன்று. கரியமில வாயு கூடியதால் வருவது. மூழ்குமுன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துவிடும். ஆக்சிஜன் குறிப்பிடும்படி கூடாது. தவிப்பு மட்டும் தாமதமாகும். நெடுநேரம் தாங்குவதாக மூழ்குபவனுக்குத் தோன்றும். உண்மையில் அவன் செய்திருப்பது, தன் வீட்டு அபாய மணியின் கம்பியைத் தானே அறுத்ததுதான்.

அடுத்தது அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. ஆழத்தில் இருக்கும்வரை நுரையீரலில் எஞ்சிய சிறிதளவு ஆக்சிஜனும் அழுத்தத்தின் பலத்தால் இரத்தத்துக்குள் செல்கிறது. மூளை தெளிவாகவே இருக்கிறது. மேலே எழும்பும்போது கடைசிப் பத்து மீட்டரில் அழுத்தம் பாதியாகக் குறைகிறது. அந்த நொடியில் எஞ்சிய ஆக்சிஜன் மூளைக்குப் போதாமல் போகிறது. வலி இல்லை, போராட்டம் இல்லை. விளக்கை அணைத்ததுபோல் நினைவு தப்புகிறது. பெரும்பாலும் மேற்பரப்புக்கு மிக அருகில், சில வேளைகளில் தலை நீருக்கு மேலே வந்த பிறகும் இது நேர்கிறது. அருகில் ஒருவர் இருந்து முகத்தை நீருக்கு மேல் தூக்கிப் பிடித்தால் பலர் சில நொடிகளில் மீண்டுவிடுவர். தனியாக இருந்தால் கதை முடிந்தது.

ஹவாயில் நன்கு பழகிய ஈட்டிக்காரர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். புதியவன் பயந்து சீக்கிரம் மேலே வந்துவிடுகிறான். பழகியவனுக்குத்தான் பாறைக்கடியில் ஒரு பெரிய மீனைக் கண்டால் “இன்னும் பத்து நொடி” என்ற ஆசை எழுகிறது. குத்திய மீன் ஈட்டியோடு இடுக்குக்குள் புகுந்துவிட்டால் அதை இழுத்தெடுக்க இன்னொரு பத்து நொடி. மேலே வந்து போதிய இளைப்பாறல் இன்றி மறுபடியும் இறங்குதல். அந்தப் பத்து நொடிகளின் விலை ஒரு தாயின் மகன்.

இதற்கு அங்குள்ள பயிற்சியாளர்கள் கற்பிக்கும் ஒழுங்கு எளியது. ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. மேலே வந்தவரை உடனே விட்டுவிடாமல் அரை நிமிடமாவது கவனிக்க வேண்டும். மூழ்கிய நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் மேலே இளைப்பாற வேண்டும். வேக மூச்சு கூடவே கூடாது. நினைவிழந்தாலும் உடல் தானாக மேலே மிதக்கும் அளவுக்கே ஈயக் கட்டி அணிய வேண்டும். உயிர் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். தன் கையாலேயே தன்னை அழிவில் இடுவதைத் தடுக்கும் மார்க்கத்தைப் பின்பற்றுவோருக்கு இந்த ஒழுங்குகள் வெறும் பயிற்சிக் குறிப்புகள் ஆகமாட்டா. துணையின்றி மூழ்குவது மகனின் வீரம் என்று எந்தப் பெற்றோரும் எண்ணிவிட வேண்டாம்.

குற்றம் முழுவதும் ஈட்டிக்காரன் தலையிலா?

இவ்வளவு சொன்னபின், மறுபக்கத்தையும் நீதியுடன் சொல்ல வேண்டும். “பவளப்பாறை அழிகிறது, ஆகவே ஈட்டியை முற்றிலும் தடை செய்யுங்கள்” என்று சிலர் வாதிடுகின்றனர். இது பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழுத் தீர்ப்பு எழுதுவதாகும்.

மேற்கு மௌவியில் கஹெகிலி என்றொரு கடற்பகுதி. பாசி மேயும் மீன்களையும் கடல் முள்ளெலிகளையும் அங்கு எடுக்கக் கூடாது என்று 2009இல் விதி செய்யப்பட்டது. மீனவர் ஒதுங்கினர், கிளிமீன்கள் குறிப்பிடத்தக்க அளவு பெருகின. நல்லதே நடந்தது. ஆனால் அதே கரைக்கு அருகில் லஹைனா கழிவுநீர் நிலையம், சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடிக் குழாய்க் கிணறுகளில் செலுத்திக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் அக்கிணறுகளில் சாயம் கலந்து பார்த்தபோது அது கஹெகிலிக் கரையோரக் கடலடியிலேயே ஊறி வெளிவந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, நிலத்தடி வழியாகச் சென்றாலும் நேரடியாகக் கடலில் கலப்பதற்கு ஒப்பானால் உரிமம் பெற்றே ஆக வேண்டும் என்று 2020இல் தீர்ப்பானது.

கழிவுநீரில் உள்ள சத்து பாசியை வளர்க்கிறது. மீனவனிடம் “பாசி தின்னும் மீனைத் தொடாதே” என்று சொன்ன அதே கரையில், பாசிக்கு உரம் ஊட்டும் நீரும் கசிந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் 2014, 2015ஆம் ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பெருந்தீவின் மேற்குக் கரையில் பவளப் பரப்பில் ஏறத்தாழ பாதி அழிந்தது. அந்தச் சூட்டை உண்டாக்கியவன் ஈட்டிக்காரன் அல்லன். ஏழை மீனவனை அடக்குவது எளிது. நகரத்தின் கழிவையும் விடுதிகளின் வசதியையும் கேள்வி கேட்பது கடினம். எளியவனிடம் மட்டும் கண்டிப்புக் காட்டுவது நீதியாகாது.

மேலும், அங்கு கரையோரத்தில் பிடிபடும் மீன் பெரும்பாலும் சந்தைக்குப் போவதில்லை. வீட்டுச் சட்டிக்கும், அண்டை வீட்டாருக்கும், கடலுக்குப் போக இயலாத முதியோருக்கும் போகிறது. பிடித்ததைப் பங்கிட்டுக் கொடுப்பது ஹவாய்க் குடும்பங்களின் நெடுநாளைய பழக்கம். மாணவர் கேட்ட “விளையாட்டா?” என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை. காணொளியில் நாம் பார்ப்பது ஈட்டி பாயும் நொடியை மட்டுமே. அந்த மீன் யார் வீட்டு அடுப்பில் ஏறியது என்பதை யாரும் படம் பிடிப்பதில்லை.

ஈட்டி நன்மை செய்யும் இடம்

“ரோய்” என்று ஹவாயில் அழைக்கப்படும் ஒரு களவா மீன் உண்டு. கருமை படர்ந்த உடலில் நீலப் புள்ளிகள் கொண்டது. அது அக்கடலின் பிறவி அன்று. உணவுக்கு ஆகும் என்று எண்ணி அரசாங்கமே 1956இல் மொரேயா தீவிலிருந்து கொண்டுவந்து விட்டது. அது பெருகிற்று, ஆனால் உணவுக்கு ஆகவில்லை. சிகுவாட்டெரா எனும் நஞ்சு அதன் உடலில் சேர்கிறது. நுண்ணிய பாசியில் தோன்றி, சிறு மீன் வழியாகப் பெரிய மீனுக்குச் சேரும் அந்த நஞ்சைச் சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. உண்டவருக்கு வாந்தி, கைகால் மரமரப்பு, குளிர்ந்தது சுடுவதுபோல் தோன்றும் விந்தையான உணர்வு ஆகியன உண்டாகும். மக்கள் அதை உண்ணாமல் விட்டனர். அதுவோ பாறையின் பிறவி மீன்களின் குஞ்சுகளைத் தின்று கொழுத்தது.

இப்போது மௌவியின் ஈட்டிக்காரர்களே நாள் குறித்துக் கூடி ரோய் மீனை மட்டும் தேடிக் குத்துகிறார்கள். வலையாலோ தூண்டிலாலோ இப்படி ஓர் இனத்தை மட்டும் பிரித்தெடுக்க இயலாது. பார்த்துக் குத்தும் ஈட்டியால்தான் முடியும். உண்ணாத மீனைக் கொல்லலாமா என்று சிலர் தயங்கக்கூடும். தீங்கை அகற்றுவதற்காகக் கொல்வது விளையாட்டுக்காகக் கொல்வதன்று என்பது நம் கருத்து. இதனால் மட்டும் பாறை தேறிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கடலால் கெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயரை அந்த ஈட்டிக்காரர்கள் தம் உழைப்பால் மாற்றுகிறார்கள் என்பதையே சுட்டுகிறோம். 1950களில் அவ்வாறே கொண்டுவரப்பட்ட, நீலக்கோடு போட்ட “தாஅப்பே” என்ற மீனோ நன்றாகச் சமைத்து உண்ணத் தக்கது. கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும் அதை விட்டுவிட்டு அருகிவரும் கூமூ நவரை மீனைத் தேடி ஓடுவானேன்?

ஓய்வு கொடுக்கும் பழக்கம்

ஹவாய் மக்கள் கட்டுப்பாட்டை வெளியாரிடமிருந்து கற்றவர்கள் அல்லர். மலையுச்சியிலிருந்து கடற்பாறை வரை ஒரே நிலப்பிரிவாகக் கொண்டு, “கோனோஹிகி” என்ற மேற்பார்வையாளர் எந்த மீனை எப்போது எடுக்கலாம் என்று வரையறுக்கும் வழக்கம் அங்கு இருந்தது. மூன்றாம் கமேஹமேஹா மன்னர் 1839இல் அதை எழுத்துச் சட்டமாக்கினார். 1900இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த உரிமைகளை ஒழிக்கத் தொடங்கியது. கரை எல்லாருக்கும் பொது என்றானது; எல்லாருக்கும் பொதுவானதைக் காக்க ஒருவரும் இல்லாமற் போயிற்று.

இப்போது அந்த மக்களே இழந்ததை மெல்ல மீட்டு வருகிறார்கள். கௌவாய் தீவின் ஹாஎனா ஊரார் தாமே உருவாக்கிய மீன்பிடி விதிகள் 2015இல் மாநிலச் சட்டமாயின. பெருந்தீவின் காஊபூலெஹு கரையில் 2016 முதல் பத்தாண்டு கரையோர மீன்பிடிப்பை நிறுத்தி வைக்கும்படி அவ்வூர்ப் பெரியவர்களே கேட்டு வாங்கினார்கள். “கொஞ்சம் பொறு” என்பதே அவர்கள் முழக்கம். தம் வாழ்நாளில் அக்கடலில் மறுபடியும் ஈட்டி எடுக்க முடியாமல் போகலாம் என்று அறிந்தே முதியவர்கள் அதைக் கேட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்காகத் தம் சட்டியைக் கவிழ்த்து வைத்தவர்கள் அவர்கள்.

மறுபுறம் வைக்கீகீ கரையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். ஓராண்டு மூடுவது, ஓராண்டு திறப்பது என்பது அங்குள்ள முறை. மூடிய ஆண்டில் மீன் சற்றுப் பெருகும். திறந்தவுடன் காத்திருந்த ஈட்டிகளும் தூண்டில்களும் ஒருசேரப் பாயும். பெருகியது கரைந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கண்டனர். சட்டத்தை எவரும் மீறவில்லை. ஆயினும் சட்டத்தின் நோக்கம் நிறைவேறவில்லை. சனிக்கிழமை மீன்பிடிக்கத் தடுக்கப்பட்டு, அதன் எழுத்தைக் காத்து உட்பொருளைக் கைவிட்ட கடற்கரை ஊராரின் வரலாறு நம் மாணவர்களுக்குத் தெரியும். வைக்கீகீ மீனவர்களை அவர்களோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. தடை நீங்கிய நாளில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதே அவனுடைய கட்டுப்பாட்டை அளக்கும் கோல் என்பதற்காகவே இதனை நினைவூட்டுகிறோம்.

மாணவர்களுக்குச் சொன்னது

தவணை முடிந்து வகுப்புக்குச் சென்றபோது மாணவர்களிடம் இவ்வாறு கூறினோம். அந்த மீன் ஹலால். அதைக் குத்தியவர் உண்பதற்காக, பங்கிடுவதற்காக, விதித்த எண்ணிக்கைக்குள், பெரிய நீல ஆணை விட்டுவிட்டு, துணையுடன் மூழ்கி எடுத்திருந்தால் அவர் செய்தது நேர்மையான வேட்டை; அதில் அவருக்கு மகிழ்ச்சி உண்டானால் அந்த மகிழ்ச்சியும் குற்றமன்று. படத்துக்காக மட்டும் குத்தினார் என்றால், உறங்கும் மீனை விளக்கடித்துக் குத்தினார் என்றால், தேவைக்கு மேல் குவித்தார் என்றால், மீன் ஹலாலாக இருந்தும் அவர் செயல் நல்லதாகாது.

முதலில் கேட்ட மாணவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் ஹஜ்ரத், காணொளியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது” என்றார். ஆம், முடியாது. அது அவருக்கும் அவரைப் படைத்தவனுக்கும் இடையிலான கணக்கு. நாம் பார்க்க வேண்டியது, நமக்குத் திறந்துவிடப்பட்ட வாசல்களில் நாம் எவ்வளவு எடுக்கிறோம் என்பதைத்தான். சந்தையில் மீன் வாங்கும்போதும் அந்தக் கேள்வி நம்முடன் வரட்டும்.

ஒரு மூச்சில் எவ்வளவு முடியுமோ அவ்வளவே எடுத்து, மேலே வந்து, அடுத்த மூச்சைத் தந்தவனுக்கு நன்றி கூறுவோருள் நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! கடலில் பிழைப்புத் தேடும் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.